பிழைத்து வந்தவளைக் கூண்டில் நிறுத்தாதீர்கள்!

(மேலப்பாளையத்தில் சகோதரர்களும் தாய்மார்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பிற்குரிய சகோதரர்களே! திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! 

நாம் மேடை போட்டு வட்டியைப் பற்றிப் பேசுகிறோம். வரதட்சணையைப் பற்றிப் பேசுகிறோம். இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுகிறோம். பிரசவத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. 'அது பெண்கள் சமாச்சாரம்' என்று ஒதுங்கிக் கொள்கிறோம். ஆனால் பிரசவம் எங்கே நடக்க வேண்டும், வண்டியை எப்போது கூப்பிட வேண்டும், எந்த ஆஸ்பத்திரி என்று முடிவு செய்வது யார்? நாம்தானே! முடிவு நம்முடையது, வலி மட்டும் அவளுடையதா? சிந்தித்துப் பாருங்கள்!

2018 ஜூலையில் திருப்பூரில் என்ன நடந்தது? 28 வயது ஆசிரியை. வீட்டிலேயே பிரசவம் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். வீடியோ பார்த்துப் பிரசவம் பார்த்ததாகச் செய்தி வந்தது. குழந்தை பிறந்தது. இரத்தப்போக்கு நிற்கவில்லை. தாய் இறந்து போனார். கணவர் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருகிறேன் என்று விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைதானார். அது வேறு சமுதாயத்தின் கதை என்று நினைக்காதீர்கள். 2025 ஏப்ரலில் நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் மலப்புரத்தில், ஒரு முஸ்லிம் சகோதரி தன் ஐந்தாவது பிரசவத்தில் வீட்டிலேயே இரத்தம் போய் இறந்தார். அங்கும் கணவர் கைதானார்.

இறந்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. பிழைத்தவளைப் பற்றி யார் பேசுவது?

ஆம்! அப்படிப்பட்ட சகோதரிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டில் குழந்தை பிறந்தது. நஞ்சு விழவில்லை. இரத்தம் கொட்டியது. கடைசி நேரத்தில் யாரோ ஒருவர் 108-க்குப் போன் போட்டார். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். உயிரோடு வீடு திரும்பினாள். எல்லோரும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டோம். அவள் மட்டும் குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு யோசிக்கிறாள். 'என் தப்பா? என் ஈமான் குறைவா? பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா? என் உடம்பு இனித் தேறுமா?' இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

'என் குற்றமா?'

இல்லை, சகோதரியே! இல்லவே இல்லை.

நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கும் அதிகமாக இரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து, நஞ்சு பிரிந்ததும், கருப்பைத் தசை கை முஷ்டியைப் போல இறுகி, திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களை நெருக்கி மூட வேண்டும். அது இறுகாமல் தளர்ந்து போனாலோ, நஞ்சின் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டாலோ, இரத்தம் நிற்காது. வியாபாரிகளே, கணக்குப் போடுங்கள்! உடம்பில் இருப்பதே ஏறத்தாழ ஐந்து லிட்டர். மணிக்கணக்கில் நீங்கள் ஆலோசனை செய்து கொண்டிருக்க, நிமிடக் கணக்கில் முதல் கரைந்து கொண்டிருக்கிறது.

இது யாருக்கு வரும்? முந்திய பிரசவம் சுகப்பிரசவமாக இருந்தவளுக்கும் வரும். நல்ல தேக ஆரோக்கியம் உள்ளவளுக்கும் வரும். எந்த ஆபத்து அடையாளமும் முன்கூட்டித் தெரியாத பெண்களுக்கே இது நிறைய வருகிறது. அவள் சரியாக முக்கவில்லை என்பதால் அல்ல. பயந்துவிட்டாள் என்பதால் அல்ல. பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தே இருந்தாள் என்பதாலும் அல்ல. 'எங்க காலத்துல நாங்க பத்துப் பெத்தோம்' என்று சொல்லும் மாமிமார்களே! பத்துப் பெற்றுப் பிழைத்தவர்கள்தான் இன்று நம்மோடு பேசுகிறார்கள். முதல் பிரசவத்திலேயே மண்ணறைக்குப் போனவர்கள் எழுந்து வந்து சாட்சி சொல்லவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைச் சீமையில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. சாலைகள் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் ஒருத்திக்கு வலி எடுத்து வீட்டில் பிரசவம் ஆனால் அது நிர்ப்பந்தம். வாசலில் வண்டி இருந்தும், வெள்ளம் எதுவும் இல்லாமலும், ஆண்கள் கூடிப் பேசி 'வீட்டிலேயே பார்த்துக்கலாம்' என்றால் அது வேறு. இரண்டிலும் குற்றம் அவள் மீது இல்லை. முன்னதில் யார் மீதும் இல்லை. பின்னதில் யார் மீது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'என் ஈமான் குறைவா?'

'தவக்குல் வைத்திருந்தால் நல்லபடியாக நடந்திருக்கும்' என்று சிலர் கூசாமல் சொல்கிறார்கள். வேதனையில் கிடந்தவளிடம் சொல்கிற வார்த்தையா இது?

மர்யம் (அலை) அவர்களின் பிரசவத்தைத் திருக்குர்ஆனின் 19-வது அத்தியாயத்தில் படித்துப் பாருங்கள். தனிமை. பேரீச்ச மரத்தடி. வலி தாங்காமல், இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று அவர் புலம்புகிறார். அகிலத்துப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் வாயிலிருந்து வந்த புலம்பல் அது! அதற்கு அல்லாஹ் கண்டித்தானா? ஈமானைக் கேள்வி கேட்டானா? கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. குடிக்கத் தண்ணீர் வந்தது. உண்ணக் கனி வந்தது. அல்லாஹ் கேட்காத கேள்வியைக் கேட்க நீ யார்?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி நம் எல்லோருக்கும் மனப்பாடம். கடைக்கு இரண்டு பூட்டுப் போடுகிறோம். சரக்கு லாரியில் ஏறும்போது தார்ப்பாய் கட்டுகிறோம். அதெல்லாம் தவக்குலுக்கு விரோதம் இல்லையாம். பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது மட்டும் விரோதமாம்!

இன்னும் ஒன்று. பிரசவத்தில் இறக்கும் பெண்ணுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்று ஹதீஸில் வருகிறது. அது யாருக்குச் சொன்னது? இழந்து நிற்கும் குடும்பத்துக்கு ஆறுதலாகச் சொன்னது. அலட்சியமாக இருந்த கணவனுக்குக் கேடயமாகச் சொன்னதல்ல!

1631-ல் புர்ஹான்பூரில் மும்தாஜ் மஹல் தன் பதினான்காவது குழந்தையைப் பெற்றெடுத்து இறந்தார். ஹிந்துஸ்தானத்தின் பாதுஷா பக்கத்தில் இருந்தார். கஜானா இருந்தது. ஹகீம்கள் இருந்தார்கள். காப்பாற்ற முடியவில்லை. ஷாஜஹானால் தாஜ்மஹால்தான் கட்ட முடிந்தது. ஏன்? கருப்பையை இறுக வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தை ஆய்வுக்கூடத்தில் செய்யும் முறையை வின்சென்ட் டு விக்னோ என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது 1953-ல்தான். 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாதுஷாவுக்குக் கிடைக்காத அந்த மருந்து இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. குழந்தை பிறந்ததும் ஒரு நிமிடத்துக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். குளிரில் வைத்துப் பாதுகாக்க வேண்டிய மருந்து அது. வீட்டுப் பரணில் வைக்க முடியாது. அல்லாஹ் கொடுத்த அந்த நிஃமத்தைத் தேடி நீ போனாய், சகோதரியே. அது ஈமான் குறைவல்ல.

'அந்நிய ஆண் பார்த்துவிட்டாரே!'

வெளியே சொல்ல முடியாமல் நம் சகோதரிகள் உள்ளே வைத்துப் புழுங்கும் சந்தேகம் இது. அவசரத்தில் ஆண் டாக்டர் வந்தார். உயிரைக் காப்பாற்றினார். இப்போது இவள் கூனிக் குறுகுகிறாள்.

உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் தடுக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பது மதரஸாவின் முதல் வகுப்பிலேயே படிக்கும் சட்டம். போர்க்களத்தில் காயம்பட்ட ஆண்களுக்கு ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) போன்ற ஸஹாபிப் பெண்கள் மருந்திட்டார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. மருத்துவத் தேவைக்கு அன்றே இடம் கொடுக்கப்பட்டது.

திண்டிவனத்தில் 1890-களில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு. அங்கே ஸ்கட்டர் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர் இருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர். ஒருவர் முஸ்லிம். ஒருவர் வேறு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில். டாக்டரின் இளம் மகள் ஐடா, 'என் தந்தை வருவார்' என்றாள். மூவரும் மறுத்தார்கள். ஆண் வேண்டாம், நீ வா என்றார்கள். அவளுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். மதம் வேறு வேறு, பிடிவாதம் ஒன்றுதான்! அந்த இரவு ஐடா ஸ்கட்டரை மருத்துவம் படிக்க வைத்தது. 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்க வைத்தது. இன்றைய சி.எம்.சி. அப்படி வளர்ந்ததுதான்.

இன்று பெண் டாக்டர் இல்லாத ஊரா இது? 1965 முதல் நெல்லையில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்கூட்டியே போய்ப் பதிந்து, பெண் டாக்டர் யார், எப்போது இருப்பார் என்று கேட்டு வைத்துக் கொண்டால் பர்தாவும் காக்கப்படும், உயிரும் காக்கப்படும். வீட்டில் வைத்துக் கடைசி நேரத்தில் ஓடினால்தான், யார் கையில் கிடைக்கிறதோ அவர் பார்க்க வேண்டியதாகிறது. பர்தாவைக் காக்கிறேன் என்று சொன்னவரே அதைப் பறிகொடுக்கிறார்!

'பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?'

பிறந்ததும் உடனே அழவில்லை, நீலம் பூத்திருந்தது, தட்டித் தடவிய பிறகுதான் அழுதது. இதை நினைத்து நினைத்தே அவளுக்குப் பால் வற்றுகிறது.

தெரிந்து கொள்ளுங்கள். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஐந்து முதல் பத்துக் குழந்தைகளுக்கு மூச்சுவிடச் சிறு உதவியாவது தேவைப்படுகிறது. கொஞ்ச நேரத்திலேயே நன்றாக மூச்சுவிட்டு, வீறிட்டு அழுது, பால் குடிக்க ஆரம்பித்த குழந்தைகள் பெரும்பாலும் எல்லோரையும் போலவே வளர்கின்றன. முதல் நாட்களில் வலிப்பு, துவண்டு கிடத்தல், பால் குடிக்காமை இருந்தால் மட்டும் தாமதிக்காமல் குழந்தை டாக்டரிடம் காட்ட வேண்டும். பிறகு கணக்கு வையுங்கள். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கிறதா? நான்கு மாதத்தில் கழுத்து நிற்கிறதா? ஒன்பது மாதத்தில் தானாக உட்காருகிறதா? ஒன்றரை வயதில் நடக்கிறதா? ஏதாவது தாமதம் என்றால் மறைக்காமல் காட்டுங்கள். 2013 முதல் அரசே பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசப் பரிசோதனைத் திட்டம் நடத்துகிறது. சீக்கிரம் ஆரம்பிக்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

வீட்டில் பிறந்த பிள்ளை என்றால் தடுப்பூசியைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் காமாலைத் தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள், முதல் போலியோ சொட்டு மருந்து 15 நாளுக்குள், பி.சி.ஜி. ஒரு வயதுக்குள். இரத்தம் உறைவதற்கான வைட்டமின் கே ஊசியும் உண்டு. தாய்க்கு நெகட்டிவ் வகை இரத்தமாகவும் பிள்ளைக்குப் பாசிட்டிவாகவும் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டும். அடுத்த பிள்ளையைக் காப்பது அது.

'என் உடம்பு தேறுமா?'

தேறும், இன்ஷா அல்லாஹ். ஆனால் கவனிப்பு வேண்டும்.

இரத்தம் இழந்தவளுக்கு இரத்தம் ஊற வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் சாப்பிட வேண்டும். தேநீரோடு சேர்த்து அல்ல. 'தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும்' என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை மறுக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். மர்யம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் கொடுத்ததே தண்ணீரும் உணவும்தானே!

நாற்பது நாள் கணக்கில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கேளுங்கள். குறைந்து வந்த இரத்தப்போக்கு திடீரென்று கூடினாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு துணி நனைந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ, 'நிஃபாஸ்தானே, நாற்பது நாள் வரும்' என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே நஞ்சின் துண்டு தங்கியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும். அதிக இரத்தம் போனவளுக்குப் பால் தாமதமாகச் சுரக்கலாம், அதற்காக ஏசாதீர்கள். பால் அறவே இல்லாமல், சோர்வும் நீங்காமல் இருந்தால் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

மனசும் உடம்பைச் சேர்ந்ததுதான். பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, பிள்ளை மேல் ஒட்டுதல் இல்லை, அந்த இரவே கண்முன் வருகிறது, செத்துப் போகலாம் போலிருக்கிறது என்றால் அது ஜின்னும் அல்ல, சைத்தானும் அல்ல. மருந்தும் பேச்சும் கொண்டு தீரும் நோய். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். 2022 முதல் நடக்கும் சேவை இது. பேயோட்டுபவரிடம் கூட்டிச் செல்லும் கைக்காசை மிச்சப்படுத்துங்கள்!

அடுத்த பிள்ளை? ஒருமுறை இப்படி இரத்தம் போனவளுக்கு மறுமுறையும் போக வாய்ப்பு கூடுதல். ஆகவே அடுத்த பிரசவம் இரத்தம் ஏற்றும் வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான். பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே இரண்டு வருட இடைவெளி வேண்டும் என்பது மருத்துவம் சொல்வது. பாலூட்டும் காலத்துக்குக் குர்ஆன் சொல்லும் முழு அளவும் இரண்டு வருடம்தான்.

பிறப்புப் பதிவு

'வீட்டில் பிறந்தால் சர்டிபிகேட் தர மாட்டார்களாமே?' என்று ஒரு பயம். வீட்டில் பிறந்த பிள்ளையையும் பதிவு செய்தே ஆக வேண்டும். தகவல் சொல்வது குடும்பத் தலைவரின் கடமை. 21 நாளுக்குள் போனால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவு வேண்டி அலைய வேண்டும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்கும் சான்று இந்தக் காகிதம்தான். இந்தக் காலத்தில் நம் சமுதாயத்துக்குக் காகிதத்தின் அருமையை நான் விளக்க வேண்டுமா? கேஸ் வரும் என்று பயந்து ஒளித்து வைத்து, பெற்ற பிள்ளையை ஊர் பேர் இல்லாதவனாக ஆக்கிவிடாதீர்கள்!

இளைஞர்களே! வியாபாரிகளே!

உங்களிடம் நான் கேட்பது ஐந்தே காரியம்.

ஒன்று: உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் முதல் மூன்று மாதத்துக்குள் சுகாதார நிலையத்தில் பதிந்து, அவளுடைய இரத்த வகையைத் தெரிந்து வையுங்கள். வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் போனிலேயே இதைக் கேட்டு எழுதி வையுங்கள்.

இரண்டு: ஒவ்வொரு மஹல்லாவிலும் இரத்தம் கொடுக்க முன்வரும் இளைஞர்களின் பட்டியல், வகைவாரியாகத் தயாராக இருக்கட்டும். அப்போதுதான் நள்ளிரவில் போன் வந்தால் 'யாருக்கு என்ன குரூப்' என்று தேடாமல் கிளம்ப முடியும்.

மூன்று: பத்தமடையோ, வீரவநல்லூரோ, ஏர்வாடியோ, 108 வரத் தாமதமானால் உடனே எடுக்க ஒரு கார், ஒரு டிரைவர். வாகனம் வைத்திருக்கும் வியாபாரிகள் முறை வைத்துப் பொறுப்பெடுங்கள்.

நான்கு: பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கும் நம் பெண் பிள்ளைகளை டாக்டருக்கும் நர்ஸுக்கும் படிக்க வையுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கிற சமுதாயம், தன் மகளைப் படிக்க வைக்க மாட்டேன் என்றால் என்ன நியாயம்?

ஐந்து: பிழைத்து வந்தவளை விசாரிக்காதீர்கள். 'ஏன் முதலிலேயே சொல்லவில்லை?' என்று கேட்காதீர்கள். அவள் வலியில் கத்தியபோது நாம்தான் காதில் வாங்கவில்லை. அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'சாப்பிட்டாயா?'

திரைக்கு அப்பால் இருக்கும் சகோதரியே! உன் பிள்ளை உயிரோடு இருக்கிறது. நீ உயிரோடு இருக்கிறாய். பிள்ளைக்குப் பால் கொடு. மாத்திரையைச் சாப்பிடு. சந்தேகம் வந்தால் தயங்காமல் சுகாதார நர்ஸிடம் கேள். அன்றிரவு நடந்ததற்கு நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் அவர்கள் முதலில் உன்னிடம் நல்ல வார்த்தை பேசட்டும். வல்ல இறைவன் உனக்கும் உன் பிள்ளைக்கும் பூரண சுகம் தருவானாக!

வஸ்ஸலாம்.